பழைய ரயில் பாலத்தை நடைபாலமாக்க அனுமதி வாங்கியது

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் எங்கள் குடியிருப்பை ஒட்டி, ரயில் ஓடுவது நின்றுபோன சிறிய இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்துப் பழைய இரும்பாக விற்கப்போவதாகப் பேச்சு வந்ததும் மனு எழுதத் தொடங்கினோம்.

தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி யாரும் பரிந்துரைக்கலாம், 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் பட்டியலில் சேர்ந்தால் மட்டும் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கப் பணம் வந்துவிடாது. அதனால் பிள்ளைகள் பெரிய சாலையைச் சுற்றாமல் பள்ளிக்கு நடந்துபோக வழி வேண்டும் என்று கேட்டோம். பேராக் ஆற்றின் மேல் காராயில் உள்ள விக்டோரியா பாலத்தின் படங்களையும் இணைத்தோம். 1900இல் திறந்த பாலம் அது. 2002இல் ரயில் பக்கத்துப் புதுப் பாலத்துக்கு மாறிய பிறகும் மக்கள் அதில் நடக்கிறார்கள்.

பாலம் யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான் அதிகம் அலைந்தோம். தண்டவாளம் ஒருவருக்கு, ஆற்றோரம் இன்னொருவருக்கு. நில வரைபடம் கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள்.

அப்புறம் பொறியாளர் அறிக்கை. மனிதக் கூட்டம் இலேசான சுமை இல்லை. நடைபாலத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய அரை டன் என்று கணக்குப் போடுகிறார்கள். ரயிலைத் தாங்கிய இரும்புச் சட்டங்களுக்கு அது பெரிய சுமையில்லை. கவலையெல்லாம் துருவைப் பற்றித்தான். தளத்துக்கு அடியில், தூண்மேல் உட்காரும் முனைகளில், ரிவெட் என்னும் இணைப்பு ஆணி அடித்த தகடுகளின் இடுக்குகளில் அது உள்ளே இருந்தே அரித்துக்கொண்டு வரும். பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு ரிவெட்டாகத் தட்டிப் பார்த்தார். "கணீர்னு கேட்டா நல்லாருக்கு தம்பி. டொக்குனு கேட்டா அது ஆடிப்போச்சு" என்றார். அவர் சாக்பீஸால் குறித்த இடங்களைத்தான் பொறியாளர் முதலில் அளந்தார்.

ஒரு துண்டு இரும்பைச் சோதனைக்கு அனுப்பியதில் தேனிரும்பு என்னும் பழைய வகை இரும்பு என்று தெரிந்தது. அதற்குள் கசடு இழை இழையாக ஓடும், வெல்டிங் வைத்தால் அடுக்கடுக்காகப் பிளக்கலாம். ஆகவே ஆடிப்போன ரிவெட்டுகளுக்குப் பதிலாக உருண்டைத் தலை போல்ட்டுகள் போடுவதென்று முடிவாயிற்று. பழைய பெயின்டில் ஈயம் இருந்ததால் சுற்றிலும் மூடாமல் சுரண்டக் கூடாது என்றார்கள். கீழே ஓடுவது ஆறு, அது நியாயமான நிபந்தனை.

அனுமதி வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் ஏறக் கூடாது. கைப்பிடிக் கம்பிகளைப் புதுத் தளத்தில்தான் பொருத்த வேண்டும், பழைய இரும்புச் சட்டத்தில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. இந்தக் கடைசி வரியை நாங்களே கேட்டு எழுத வைத்தோம்.