இக்ரிசாட்டில் கேழ்வரகு விதை கேட்டு வாங்கிய அனுபவம்

கேழ்வரகு நாற்று தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சென்னையில் எந்த மளிகைக் கடையிலும் கேழ்வரகு கிடைக்கும். ஆனால் அது எந்த ஊர், என்ன ரகம் என்று கடைக்காரருக்கே தெரியாது. அதை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுத முடியாது. "இக்ரிசாட்ல கேட்டுப் பாரும்மா" என்றார் கைடு. ஹைதராபாத் பக்கம் படான்செருவில் இருக்கும் அந்தச் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மரபணு வங்கியில், அதாவது பல ஊர் விதைகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் இடத்தில், சோளம், கம்பு, கடலை, துவரையோடு சிறுதானியங்களும் இருக்கின்றன.

விண்ணப்பம் பெரிய விஷயமில்லை. எதைக் கேட்பது என்று முடிவு செய்வதுதான் வேலை. 'வறட்சி தாங்கும் கேழ்வரகு நாலைந்து அனுப்புங்கள்' என்று கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே ஒவ்வொரு விதை மாதிரிக்கும் ஓர் எண் உண்டு. கேழ்வரகு என்றால் 'ஐஇ' என்று தொடங்கும். மரபணு வங்கிகளின் சேகரிப்பைத் தேட உதவும் ஜெனிசிஸ் இணையதளத்தில் தேடினால் அந்த எண்ணோடு பாஸ்போர்ட் விவரமும் வரும்: எந்த நாட்டில், எந்த இடத்தில் சேகரித்தது என்று. இப்போதைக்குக் கொடுக்க முடியுமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். இருப்பு குறைந்துபோனதை மறுபடி விளைவித்த பிறகுதான் தருவார்கள்.

மொத்தச் சேகரிப்பின் வேறுபாடுகளை ஓரளவு அடக்கிய 80 மாதிரிகள் கொண்ட 'மினி கோர்' என்ற தொகுப்பை அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். எண்பதையும் கேட்க ஆசைதான். மூன்று பிரதி, இரண்டு நீர் அளவு என்று கணக்குப் போட்டால் 480 தொட்டி! எங்கள் கல்லூரி மொட்டைமாடி தாங்காது. அதனால் கென்யா, உகாண்டா, ஜிம்பாப்வே, இந்தியா என்று நாட்டுக்குக் கொஞ்சமாகப் பொறுக்கினேன். ரொம்பத் தாமதமாகப் பூப்பவற்றை விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் கதிர் நனைந்தால் விதை பெருக்குவது வீண்.

அடுத்தது, விதை வாங்குபவர் ஏற்க வேண்டிய ஒப்பந்தம். 2004-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசப் பயிர் மரபுவள உடன்படிக்கையின்படி எல்லோருக்கும் ஒரே வாசகம்தான். உணவு, வேளாண்மை சார்ந்த ஆராய்ச்சி, பயிர்ப் பெருக்கம், பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். மருந்து, ரசாயனத் தயாரிப்புக்குக் கூடாது. வந்த விதையை வந்தபடியே வைத்து, மற்றவர்களுக்குக் கிடைக்காதபடி காப்புரிமை கோரக் கூடாது. இன்னொருவருக்குக் கொடுத்தால் அதே ஒப்பந்தத்தோடுதான் கொடுக்க வேண்டும். மாடித்தோட்டம் போடும் தோழி ஒரு கைப்பிடி கேட்டபோது இதைச் சொல்லித்தான் மறுத்தேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கல்லூரி அலுவலகத்தில் 'ஒப்பந்தம்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஃபைல் நின்றுவிட்டது. "எவ்வளவு பணம்?" "பணமே இல்லை சார்." "அப்புறம் எதுக்கு ஒப்பந்தம்?" கைடு நேரில் போய்ப் பேசிய பிறகுதான் கையெழுத்தானது. நீங்கள் கேட்பதாக இருந்தால் இந்த வேலையை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

பார்சல் வந்தது. எண் எழுதிய சின்னச் சின்ன உறைகள், அவ்வளவுதான். பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கேழ்வரகு ஒரு கிராமுக்கே சுமார் 400 விதை வரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உறையைத் திறந்து போட்டால் ஈரம் ஏறி முளைப்புத்திறன் போய்விடும். அதனால் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும் வரை மூடியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

நெல் விதை வேண்டும் என்று பிலிப்பைன்ஸில் உள்ள மரபணு வங்கியில் கேட்பவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. வெளிநாட்டு விதை என்பதால் டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபுவளப் பணியகத்தில் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். வந்த விதை, நோயோ பூச்சியோ இருக்கிறதா என்று தனியே வைத்துப் பார்க்கும் பரிசோதனை முடிந்துதான் கைக்கு வரும். படான்செரு நம் நாட்டிலேயே இருப்பதால் எனக்கு அந்த அலைச்சல் மிச்சம்.