பையின் பின்பக்கத்திலிருந்து தொடங்கினோம்

மச்சாள் வறுத்து அரைக்கிற கறித்தூளைத் தெரிந்த வீடுகளுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தவரை வெறும் பொலித்தீன் பையே போதுமாக இருந்தது. கடைக்குப் போடுவது என்று முடிவானதும் பெயர், லேபல், பை எல்லாம் ஒரேயடியாக வந்து நின்றன. கொழும்பில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவுமென்று எழுதுகிறேன்.

பெயருக்கு எல்லோரும் சொன்ன யோசனை, 'யாழ்' என்று ஏதாவது வை என்பதுதான். வெள்ளவத்தைக் கடைகளில் தூள் தட்டைப் பார்த்தால் யாழ்ப்பாணம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அதோடு, வெறும் ஊர்ப்பெயரை மட்டும் வைத்து வியாபாரக் குறி பதிய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இடம் கொடுக்காது. மச்சாளின் அம்மம்மாவை ஊரில் கூப்பிட்ட பெயரை எடுத்தோம். ஊர் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வந்தது. கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுர கட்டடத்துக்குள் இந்தக் குறிகளைப் பதிகிற தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. பதிவுக்காகப் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; மசாலாப் பொருட்கள் வருவது 30ஆம் வகுப்பில். அதே பெயர் வேறு யாரிடமும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் வடிவமைப்புக்குக் காசு கொடுத்தோம். பதிவு கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

டிசைன் செய்ய வந்த தம்பி முதல் நாளே அழகான லோகோவோடு வந்தார். நான் பின்பக்கத்தைக் கேட்டேன். 100 கிராம் பையின் பின்பக்கம் உள்ளங்கை அளவுதான். சேர்மானங்கள் (எடையில் கூடியது முதலில்), நிறை, தயாரிப்பாளர் பெயர், முகவரி, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, அதிகூடிய சில்லறை விலை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். போதாததற்கு மூன்று மொழி. அதையெல்லாம் இருத்திய பிறகு மிஞ்சுகிற இடம்தான் அழகுக்கு. லோகோ பாதியாகச் சுருங்கியது. தம்பிக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

பார்கோடு சின்னக் கடைகளுக்குத் தேவையில்லை. சுப்பர்மார்க்கெட் எண்ணம் இருந்தால் முதலிலேயே இடம் விடுங்கள். 479இல் தொடங்கும் 13 இலக்கம் அது. வழக்கமான அளவில் 80 வீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. அதாவது அகலம் ஏறத்தாழ 3 சென்றிமீற்றர். தம்பி நிறம் பொருந்தட்டும் என்று கோடுகளைச் சிவப்பில் போட்டிருந்தார். ஸ்கேனரின் வெளிச்சமே சிவப்பு. சிவப்புக் கோடு அதற்கு வெள்ளைத் தாள் போலத்தான் தெரியும். வெள்ளைப் பெட்டிக்குள் கறுப்புக் கோடு, அவ்வளவுதான்.

பெரிய தலையிடி அச்சகத்தில். புறக்கோட்டைப் பக்கத்தில் நாங்கள் போன இடத்தில் தமிழ் என்றால் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். யூனிகோடில் கொடுத்ததைத் திறந்தபோது 'கொத்தமல்லி'யின் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நின்றது. "இங்க இப்பிடித்தான் வரும் அக்கா, வேணுமெண்டா திருப்பி அடிச்சுத் தாறம்" என்றார்கள். திருப்பி அடித்தால் புதுப் பிழை வரும். கோப்பிலுள்ள எழுத்துகளையெல்லாம் கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. சிங்களத்தை மேல்மாடி அக்கா எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தந்தார். இந்த வேலையை அச்சகத்தை நம்பி விடாதீர்கள்.

பைக்கு முதல் ஆசை, ஜன்னல் வைத்த பழுப்புக் கடதாசிப் பை. பார்க்க நல்ல வடிவு. ஆனால் உள்ளே சரியான பூச்சு இல்லாத கடதாசியில் வறுத்த தூளின் எண்ணெய் கசிந்து திட்டுத்திட்டாகத் தெரியும், வாசமும் போய்விடும். ஜன்னலால் வெளிச்சம் பட்டால் மிளகாயின் சிவப்பு வெளிறும். வெளியே பிளாஸ்டிக், நடுவே அலுமினியத் தாள், உள்ளே சூட்டில் ஒட்டுகிற பொலித்தீன் என்று மூன்று படையுள்ள, எழுத்தில்லாத பையை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டினோம். பையிலேயே அச்சிட ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உருளை வெட்ட வேண்டும். எங்கள் அளவுக்குக் கட்டுப்படியாகாது.

நிறத்துக்கு எனக்கு நீலம் பிடித்திருந்தது. தட்டு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கையில் அது தனியாகத் தெரியுமே! மாதிரியைக் கண்ட கடை முதலாளி, "என்ன தங்கச்சி, உடுப்புத் தோய்க்கிற பவுடரோ?" என்றார். சரி, கடும் பச்சைக்கு மாறினோம். பையை மேசையில் வைத்துப் பார்க்காமல் கடையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்று அதற்குப் பிறகு பிடிவாதமாக இருந்தேன். அங்கே போனால்தான் தெரிகிறது, சின்னப் பைகளைத் தட்டில் அடுக்குவதில்லை, கம்பியில் தொங்கவிடுகிறார்கள். மேலே துளை வேண்டும். துளைக்குப் பக்கத்தில் பெயர் இருந்தால் முன்னால் தொங்குகிற பை மறைத்துவிடும். பெயரை நடுவுக்கு இறக்கினோம்.

விலையையும் திகதியையும் ஸ்டிக்கரோடு அச்சிடவில்லை. 2022இல் விலைகள் ஏறிய வேகத்தைக் கண்டவர்கள் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். வெள்ளைப் பெட்டி ஒன்றை விட்டு, பொதி செய்யும்போது பதிக்கிறோம். சாதாரண ரப்பர் முத்திரை மை வழவழப்பான ஸ்டிக்கரில் விரல் பட்டாலே அழிந்தது. அந்தப் பெட்டிக்கு மட்டும் மினுக்கம் பூசாமல் விடச் சொன்னோம்.

இப்போது கடைக்காரர்கள் 50 கிராம் பை கேட்கிறார்கள். அதற்குப் பார்கோடு இலக்கம் வேறு, பின்பக்கம் இன்னும் சின்னது. தம்பி லோகோவைப் பற்றி இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை.