காம்பாக்ட் கேமராவில் கூர்மையான படம்: மங்கலை இனம் பிரித்துப் பார்த்த அனுபவம்

என்னிடம் இருப்பது ஒளியைப் பதியும் 1 இன்ச் சென்சாரும் 20 மெகாபிக்சலும் கொண்ட ஒரு காம்பாக்ட். ஸூம், 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் 28 மி.மீ. (அகலக் காட்சி) முதல் 100 மி.மீ. (தூரத்தை நெருக்கிக் காட்டுவது) வரைக்கு இணையானது. சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராக்களில் இந்த அளவு சென்சாரைப் பிரபலமாக்கியது 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100. அதன் பிறகு வேறு நிறுவனங்களும் இந்த வகையில் இறங்கின. 1 இன்ச் என்பது வகைப் பெயர் மட்டுமே, உண்மையில் சென்சார் 13.2 × 8.8 மி.மீ.தான். ஆனால் சாதாரணக் காம்பாக்ட்களில் இருக்கும் 1/2.3 இன்ச் சென்சாரோடு ஒப்பிட்டால் பரப்பு நான்கு மடங்கு. இவ்வளவு இருந்தும் கணினியில் முழு அளவில் விரித்துப் பார்க்கும்போது சில படங்கள் இழை இழையாகத் தெளிந்து நின்றன, சில குழைந்து கிடந்தன. கேமரா ஒன்றுதான், வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பெரிய கேமரா வாங்குவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் செய்தது, பழைய படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படி மங்கியிருக்கிறது என்று மட்டும் பார்த்தது. இதைத்தான் எல்லோருக்கும் முதல் வேலையாகச் சொல்வேன். கை அசைந்திருந்தால் ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் சிறு கோடுகளாக நீண்டிருக்கும், விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். ஃபோகஸ் தவறியிருந்தால் நாம் நினைத்த இடம் மங்கி, அதற்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று தெளிவாக இருக்கும். எடுக்கப்பட்டவர் அசைந்திருந்தால் பின்னணி தெளிவு, ஆள் மட்டும் கலங்கல். ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை அளவுக்கு மீறிச் சுருக்கியிருந்தால் படம் முழுக்க ஒரே சீராக மென்மையாகிவிடும், எந்த மூலையையும் குறை சொல்ல முடியாது. கேமராவுக்குள் நடக்கும் நாய்ஸ் (மணல் போன்ற புள்ளிகள்) குறைப்பு செய்த வேலையாக இருந்தால் சுவரின் விளிம்பும் எழுத்தும் கூர்மையாக இருக்கும், புல்லும் தலைமுடியும் மட்டும் ஈரத்துணியால் துடைத்த வண்ணப்படம் போல வழிந்திருக்கும். கடைசியாக, லென்ஸின் குறை என்றால் அது ஓரங்களில்தான் தெரியும். இந்த ஆறுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று தெரியாமல் ஷார்ப்னஸ் ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளுவதால் எதுவும் குணமாகாது.

அடுத்து லென்ஸைச் சோதித்தேன். செய்தித்தாள் தாள்களைச் சமதளமான சுவர் ஒன்றில் ஒட்டி, ட்ரைபாடில் கேமராவைப் பொருத்தினேன். சென்சார் சுவருக்கு இணையாக இருக்கிறதா என்பதை அறிய ஒரு நல்ல வழி உண்டு: சுவரின் நடுவில் சிறிய கண்ணாடி ஒன்றைத் தட்டையாக ஒட்டி, லென்ஸின் பிம்பம் படத்தின் சரியான மையத்தில் விழும்வரை கேமராவை நகர்த்த வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) குறைந்த அளவில், ஸ்டெபிலைசேஷன் (கை அசைவை ஈடுசெய்யும் வசதி) நிறுத்தப்பட்டு, 2 விநாடி டைமரில், ஒவ்வொரு அப்பர்ச்சருக்கும் ஒரு படம். ஸூமின் இரண்டு முனைகளிலும் நடுவிலும் இதையே திரும்பச் செய்தேன். அதற்கு முன்னால் லென்ஸின் முன்கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். பைக்குள் கிடக்கும் கேமராவில் விரல் எண்ணெய் படிந்தே இருக்கும். அந்த மெல்லிய படலம் கான்ட்ராஸ்டை, அதாவது இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை, குறைத்து லென்ஸே மோசம் என்று நினைக்க வைத்துவிடும்.

சோதனையில் தெரிந்தவை மிகவும் பயனுள்ளவை. எஃப் எண் கூடக்கூட அப்பர்ச்சர் துளை சிறிதாகும். எஃப்/1.8இல் மையம் நன்றாக இருந்தது, ஓரங்கள் சுமார். எஃப்/4இல் படம் முழுவதும் உச்சத்துக்கு வந்தது. எஃப்/5.6இல் ஏறக்குறைய அதே தரம். எஃப்/8இல் மையமே தளரத் தொடங்கியது, எஃப்/11இல் செய்தித்தாளின் சிறு எழுத்துகள் கரைந்தன. இதற்குக் காரணம் டிஃப்ராக்ஷன் எனப்படும் ஒளிவிளிம்பு வளைவு. சிறு துளை வழியே போகும் ஒளி ஒரு புள்ளியாகக் குவியாமல் ஒரு வட்டாகப் பரவும். இதன் கணக்கை ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1835இலேயே வகுத்துவிட்டார். பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம் எஃப்/4இல் சுமார் 5.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எஃப்/11இல் சுமார் 14.8 மைக்ரான். என் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 2.4 மைக்ரான்தான். எஃப்/4இல் அந்த வட்டு இரண்டு பிக்சல் அகலத்தைச் சற்றே தாண்டும். எஃப்/11இல் ஆறு பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடும். இன்னும் சிறிய 1/2.3 இன்ச் சென்சார்களில் பிக்சல் 1.3 மைக்ரான் அளவுக்கு இறங்கிவிடுவதால் எஃப்/2.8இலேயே இந்தப் பாதிப்பு தொடங்கிவிடுகிறது. அந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் துளையைச் சுருக்குவதற்குப் பதிலாக ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரை உள்ளே வைத்திருப்பது இதனால்தான்.

இயற்கைக் காட்சி என்றால் எஃப்/11, எஃப்/16 என்று பெரிய கேமராவுக்குச் சொல்லப்படும் அறிவுரை இங்கே பொருந்தாது. அதற்கு அவசியமும் இல்லை. ஸூமின் அகல முனையில் எஃப்/4 வைத்து சுமார் 2.5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைத்துவிடுகிறது. சின்ன சென்சார் நமக்குத் தரும் பரிசு இது. அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில் எஃப்/4 என்பதை என் கேமராவின் இயல்புநிலையாகவே வைத்துவிட்டேன்.

தூர முனையில் வலது கீழ்மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மங்கலாக இருப்பதும் அதே சோதனையில் தெரிந்தது. லென்ஸ் தொகுதி இம்மியளவு சாய்ந்திருந்தால் இப்படி வரும். ஸூம் உள்ளிழுத்துக்கொள்ளும் காம்பாக்ட்களில் இது அரிதல்ல. நடுத்தர ஸூமில் இந்த வித்தியாசம் இல்லை என்பதால், முக்கியமான காட்சிகளை 100க்குப் போகாமல் 70 மி.மீ. அளவில் எடுத்துக் கொஞ்சம் க்ராப் செய்கிறேன், அதாவது ஓரங்களை வெட்டுகிறேன். டிஜிட்டல் ஸூமை மெனுவிலேயே அணைத்துவிட்டேன். அது செய்வதும் க்ராப்தான், ஆனால் திரும்பப் பெற முடியாத க்ராப்.

ட்ரைபாடில் இவ்வளவு தெளிவாக வந்த லென்ஸ் கையில் வைத்து எடுக்கும்போது தருவதில்லை என்றால், மிச்சமிருப்பது அசைவு. கண்ணை ஒட்டிப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லாத கேமராவைக் கையை நீட்டிப் பிடிக்கிறோம். எடை குறைவு என்பதால் பொத்தானை அழுத்தும் விசையே கேமராவைக் கீழே சாய்க்கிறது. எனக்கு அதிகம் உதவியது கழுத்துப்பட்டை. பட்டையைக் கழுத்தில் மாட்டி, விறைப்பாக நிற்கும்வரை கேமராவை முன்னால் தள்ளி, முழங்கைகளை விலாவில் ஒட்டவைத்துக்கொண்டால் பிடி உறுதியாகிவிடும். மூச்சை மெல்ல விட்டு, பொத்தானைக் குத்தாமல் விரலை உருட்டி அழுத்த வேண்டும். மூன்று படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தால் அழுத்தும் அசைவு முதல் படத்தோடு போய்விடும், நடுப்படம் பெரும்பாலும் நன்றாக வரும்.

ஷட்டர் வேகத்துக்கு, இணை குவியத் தூரத்தின் தலைகீழ் என்ற பழைய விதி இருக்கிறது. 100 மி.மீ. என்றால் 1/100 விநாடி. முழு அளவில் விரித்துப் பார்க்கிறவர்களுக்கு அது போதாது, 1/200 வைத்தால் நிம்மதி. ஸ்டெபிலைசேஷன் இதைத் தளர்த்தும், ஆனால் நம் கையின் அசைவை மட்டும்தான் அது ஈடுசெய்யும். எதிரே இருப்பவர் தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நடந்துகொண்டிருப்பவருக்கு 1/250, ஓடுகிறவருக்கு 1/500 என்று வைத்துக்கொள்கிறேன்.

ஃபோகஸில் ஒரே ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது. தானியங்கிப் பல புள்ளி முறையைக் கைவிட்டு, ஒற்றைப் பெட்டிக்கு வந்தேன். கான்ட்ராஸ்டை அளந்து ஃபோகஸ் தேடும் கேமராக்களுக்கு வெறும் சுவரோ பனிமூட்டமோ கொடுத்தால் தடுமாறும். அதே தூரத்தில் இருக்கும் ஒரு தெளிவான விளிம்பைக் காட்டி, பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு காட்சியை அமைத்தால் சரி. முகங்களுக்கு மட்டும் முகம் கண்டறியும் வசதியை நம்பலாம்.

அப்புறம் ஜேபெக், கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் படம். புல்லும் முடியும் வழிந்த படங்களுக்குக் காரணம் இதுதான். ரா (சென்சார் பதிந்த தரவு, பதப்படுத்தாமல்), ஜேபெக் இரண்டையும் சேர்த்துச் சேமித்து ஒப்பிட்டபோது, ஐஎஸ்ஓ 800இல் கேமராவின் ஜேபெக் நாய்ஸை மட்டுமல்லாமல் நுண்விவரங்களையும் துடைத்து, பின்பு விளிம்புகளைக் கூர்மையாக்கி அதை மறைத்திருந்தது. ரா ஃபைலில் அந்த விவரங்கள் எல்லாம் இருந்தன, மணல்மணலாக நாய்ஸும் இருந்தது. 12 பிட் ரா ஒரு வண்ணத்துக்கு 4096 படிநிலைகளை வைத்திருக்கும், ஜேபெக்கில் 256 மட்டுமே. நிழல் பகுதிகளை வெளிச்சமாக்கும்போது இந்த வேறுபாடு உடனே தெரியும். ரா வசதி இல்லாத கேமரா என்றால் மெனுவில் நாய்ஸ் குறைப்பைக் குறைந்த நிலைக்கும், ஷார்ப்னஸைச் சுழிக்குக் கீழேயும், ஜேபெக் தரத்தை உயர்ந்த நிலைக்கும் மாற்றிவையுங்கள். பழைய கேனான் பவர்ஷாட் மாடல்கள் பலவற்றில் சிஎச்டிகே என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டிலிருந்து இயக்கி ரா எடுக்கவும் முடியும்.

மெருகேற்ற நான் பயன்படுத்துவது ரா ஃபைலைத் திருத்தும் மென்பொருளான ரா தெரபி. டார்க்டேபிளும் இதே அளவு நல்லது, இரண்டும் இலவசம். முதலில் லென்ஸ் திருத்தம். சிறிய லென்ஸ்களின் அகல முனையில் நேர்கோடுகள் வெளிப்பக்கம் பிதுங்குவது மிக அதிகம், அதை மென்பொருள் நிமிர்த்தும்போது மூலைகள் இழுபடுகின்றன. மூலைகளில் விவரம் கொஞ்சம் குறைவதை இங்கே ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு வெள்ளைச் சமநிலை, வெளிச்ச அளவு. நாய்ஸில் வண்ண நாய்ஸை மட்டும் தாராளமாகக் குறைக்கிறேன். பச்சையும் ஊதாவுமாகச் சிதறும் புள்ளிகள் அவை, போனால் விவரம் எதுவும் போகாது. ஒளி நாய்ஸை, அதாவது வெளிச்ச அளவில் மட்டும் மாறும் புள்ளிகளை, கொஞ்சம் விட்டுவைப்பதே நல்லது. மணல்தன்மை சிறிது இருந்தால்தான் படத்துக்கு உயிர் இருக்கும். முழுக்க வழித்தெடுத்த தோல் மெழுகுப் பொம்மையின் தோல்.

இனி ஷார்ப்பனிங். வழக்கமான அன்ஷார்ப் மாஸ்க் செய்வது எளிமையான ஒன்று: படத்தின் மங்கிய நகலை அசலிலிருந்து கழித்து, கிடைக்கும் வித்தியாசத்தை விளிம்புகளில் கூட்டுகிறது. இருண்ட பக்கம் மேலும் இருண்டு, வெளிச்சப் பக்கம் மேலும் வெளுக்கிறது. விளிம்பு கூர்மையாகத் தோன்றுகிறது, புதிய விவரம் எதுவும் பிறப்பதில்லை. ரேடியஸ், அதாவது விளிம்பைச் சுற்றி இந்த மாற்றம் பரவும் அகலம், 1.5 பிக்சலைத் தாண்டினால் கூரைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு எழும்பும். அதைக் கண்டால் எனக்கு அந்தப் படமே பிடிக்காமல் போய்விடும். இதற்கு மாற்றாக டீகன்வல்யூஷன் என்ற முறை, ஒரு புள்ளி எப்படிப் பரவியிருக்கும் என்று ஊகித்து அந்தப் பரவலைத் திருப்ப முயல்கிறது. 1972இல் ரிச்சர்ட்சனும் 1974இல் லூசியும் தனித்தனியே வகுத்த வழிமுறை இது. ரா தெரபியின் கேப்சர் ஷார்ப்பனிங் இதைத்தான் செய்கிறது, ரேடியஸையும் ஃபைலிலிருந்தே கணித்துக்கொள்கிறது. எஃப்/4 படங்களுக்கு 0.6, 0.7 அளவில் நிற்கும். டிஃப்ராக்ஷனால் ஏற்பட்ட சீரான மென்மைக்கு இது நன்றாகக் கேட்கிறது, கை அசைவுக்குக் கேட்பதில்லை.

எந்த முறையானாலும் வானத்தையும் தோலையும் விலக்கிவைக்க வேண்டும், இல்லையென்றால் நாய்ஸும் சேர்ந்து கூர்மையாகிவிடும். ரா தெரபியில் கான்ட்ராஸ்ட் த்ரெஷோல்டு இதற்குத்தான். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்தினால், ஷார்ப்பனிங் விழும் இடங்கள் மட்டும் வெள்ளையாகத் தெரியும். தூரக் காட்சியில் மூட்டம் போட்டது போல் இருந்தால், ரேடியஸ் 40, அளவு 15 சதவீதம் என்று அன்ஷார்ப் மாஸ்க்கை லேசாகக் கொடுக்கலாம். அது கூர்மைக்காக அல்ல, வட்டாரக் கான்ட்ராஸ்டுக்காக, அதாவது அடுத்தடுத்த பகுதிகளின் இருள்-வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டுவதற்காக.

கடைசி ஷார்ப்பனிங், அளவைச் சுருக்கிய பிறகு. 5472 பிக்சல் அகலப் படத்தைத் திரைக்காக 2048க்குக் குறைத்தால் ஏழு பிக்சல்கள் ஒன்றாகக் கலக்கின்றன. அதனால் வரும் மென்மைக்கு 0.4 ரேடியஸில் ஒரு சிறு தொடுகை போதும். அச்சுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும், ஏனெனில் மை தாளில் பரவும். ஏ4 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் நீளவாக்கில் 3508 பிக்சல் போதும். இந்தக் கேமரா அதைத் தாராளமாகத் தருகிறது.

வெளிச்சம் குறைந்த இடங்கள்தான் இன்னும் கடினம். அசையாத பொருள் என்றால் ஒரே அமைப்பில் நான்கு படம் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறேன், நாய்ஸ் பாதியாகிறது. பதினாறு எடுத்தால் கால்பங்கு. பிள்ளைகள் விளையாடும் அறையில் இது நடக்காது. அங்கே அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, 1/250ஐ விட்டுக்கொடுக்காமல், ஐஎஸ்ஓவை 3200 வரை போகவிடுகிறேன். முழு அளவில் அந்தப் படங்கள் மணல் கொட்டியது போலத்தான் இருக்கின்றன. 2048க்குச் சுருக்கும்போது அதில் பாதிக்கு மேல் அடங்கிவிடுகிறது, கண்ணிமைகள் தெளிவாகத் தெரிகின்றன.