மால்குவின் உறவினர்

ஒலிவ மலையிலிருந்து எருசலேமை நோக்கி இறங்கும் பாதை நல்ல செங்குத்து. குருத்து ஞாயிறு பவனி வருவதும் இந்த வழியில்தான். எங்கள் குழுவில் முழங்கால் வலிக்காரர்கள் அதிகம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினோம்.

பாதி வழியில் 'தோமினுஸ் ஃப்ளேவித்' ஆலயம். 'ஆண்டவர் அழுதார்' என்று பொருள். 1955-இல் கட்டி முடித்த சிறிய கோயில் இது. வெளியே இருந்து பார்த்தால் கண்ணீர்த்துளி போலவே தெரிகிறது. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் வழியே பழைய நகரம் முழுவதும் தெரியும். அந்த ஜன்னலைப் பார்த்தபடி ஃபாதர் லூக்கா 19-ஆம் அதிகாரத்தை வாசித்தார். "இந்த நாளிலாவது அமைதிக்குரிய வழியை நீ அறிந்திருக்கக் கூடாதா?" இயேசு அழுதுகொண்டே நகரத்திடம் கேட்ட கேள்வி. இத்தனை போர்களைப் பார்த்த அந்த மதில்களைக் கண்முன் வைத்துக்கொண்டு இதைக் கேட்பது எளிதாக இல்லை. ஃபாதர் மறையுரை எதுவும் சொல்லவில்லை. அது நல்லதாகவே பட்டது.

பீடத்தின் முகப்பில் ஒரு கோழி, வண்ணக் கற்களால் பதித்தது. இறக்கைகளை விரித்திருக்கிறது, அடியில் குஞ்சுகள். தலைக்குப் பின்னால் புனிதர்களுக்கு வரைவதுபோல ஒளிவட்டம். கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிச் சேர்ப்பதுபோல உன்னைச் சேர்த்துக்கொள்ள எத்தனையோ முறை விரும்பினேன் என்று எருசலேமைப் பார்த்து இயேசு சொன்னதுதான். 'நீங்களோ விரும்பவில்லை' என்ற லத்தீன் சொற்கள் மட்டும் கோழியைச் சுற்றியுள்ள வட்டத்துக்கு வெளியே, குஞ்சுகளின் காலடியில் சிவப்பு எழுத்தில் இருக்கின்றன. லூக்கா நற்செய்தியில், தம்மைக் கொல்லத் தேடிய ஆட்சியாளன் ஏரோதை 'நரி' என்று சொன்ன கையோடுதான் இயேசு இந்தக் கோழியைப் பற்றிப் பேசுகிறார். எங்களோடு வந்த ஒரு வயதான அம்மா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நரிக்கு முன்னால கோழி என்னப்பா செய்ய முடியும்? இறக்கைய விரிச்சுக்கிட்டு உக்காரும். நரி முதல்ல அதைத்தான் கடிக்கும்" என்றார். இயேசுவின் பாடுகளைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ மறையுரைகளில் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அப்புறம் கெத்சமனி, இயேசுவைப் பிடித்துச் சென்ற தோட்டம். எண்ணெய்ச் செக்கு என்பதே அந்தப் பெயரின் பொருள். எட்டுப் பழைய ஒலிவ மரங்கள் வேலிக்குள் நிற்கின்றன, அடிமரம் முறுக்கி, உள்ளே பொந்து விழுந்து. பக்கத்தில் 1924-இல் முடித்த பெரிய ஆலயம். ஊதா நிற ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. நண்பகலிலும் உள்ளே இரவுதான். பீடத்தின் முன்னால் வெறும் பாறை, அதைச் சுற்றி இரும்பில் முள்முடி. அங்கே மண்டியிட்டுக் கையைப் பாறைமேல் வைத்தேன். சில்லென்று இருந்தது.

வெளியே மர நிழலில் வாசகம். "ஆண்டவரே, வாளால் வெட்டலாமா?" என்று சீடர்கள் கேட்கிறார்கள். பதில் வரும்வரை காத்திருக்கவில்லை, வாள் வீசியாயிற்று. தலைமைக் குருவின் பணியாளரின் வலக்காது போய்விட்டது. நான்கு நற்செய்திகளும் இதைச் சொல்கின்றன. வெட்டியது பேதுரு, வெட்டுப்பட்டவர் மால்கு என்று பெயர் சொல்வது யோவான் மட்டும். "விடுங்கள், போதும்" என்று சொல்லி இயேசு அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கியதை எழுதியது லூக்கா மட்டும். சாவதற்கு முன் அவர் கடைசியாகக் குணமாக்கியது தம்மைப் பிடிக்க வந்தவர்களில் ஒருவரை. என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டது இது. எதிரியை மன்னிக்கிறேன் என்று வாயால் சொல்லிவிடலாம். எதிரியின் ரத்தத்தில் கை வைத்து, என் ஆள் செய்த காயம் இது என்று ஏற்றுக்கொண்டு ஆற்றுவது வேறு.

மாலையில் கெதரோன் பள்ளத்தாக்கைக் கடந்து, சீயோன் மலைச் சரிவில் இருக்கும் 'கல்லிகாந்து' ஆலயத்துக்குப் போனோம். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை மறுத்ததும் சேவல் கூவிய இடம். கோபுர உச்சியில் பொன்னிறச் சேவல் நிற்கிறது. பக்கத்தில் பழைய கல் படிகள். இந்தப் படிகளில் இயேசுவைக் கூட்டிச் சென்றிருக்கலாம் என்று நம்புகிறார்கள். அங்கே யோவான் 18 வாசித்தோம். எத்தனையோ புனித வெள்ளிகளில் கேட்ட பகுதிதான், ஆனால் ஒரு வரி அன்றுதான் என் காதில் விழுந்தது. "நான் உன்னைத் தோட்டத்தில் அவரோடு பார்க்கவில்லையா?" என்று பேதுருவிடம் கடைசியாகக் கேட்பவர், காது வெட்டுப்பட்டவரின் உறவினர்.

காது ஆறிவிட்டது. பார்த்துக்கொண்டு நின்றவருக்கு ஆறவில்லை.

அப்பா இறந்தபின் சொத்துப் பேச்சில் நான் என் அண்ணனைச் சொல்லக்கூடாத ஒரு சொல்லால் திட்டினேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அண்ணன் ஒரு மாதத்தில் தானே போன் செய்து, "விடுடா, போனது போச்சு" என்றார். நான் அழுதேன். அத்தோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். ஆனால் அன்று கதவோரம் அண்ணன் மகள் நின்றிருந்தாள். இப்போதும் நான் போனால் "வாங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். படிப்பு நெருக்கடி, வயசு அப்படி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்ட நான் அவளிடம் கேட்கவே இல்லை.

வெகுநேரம் அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்தேன். குழுவினர் பேருந்துக்குப் போய்விட்டார்கள். ஃபாதர் மட்டும் கொஞ்ச தூரத்தில் எனக்காக நின்றார்.

இரவு விடுதியிலிருந்து அண்ணனை அழைத்தேன். எப்படி இருக்கிறது பயணம், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே போனார்.

"அண்ணே, பாப்பா முழிச்சிருக்காளா? போனை அவகிட்ட கொடுங்க."