மாடி அறையில் 94-ஐத் தாண்டாத இணையம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள புது வீட்டில் மூன்று வாரமாக என்னைப் படுத்திய இணையக் கேபிளை நேற்று இரவு ஒருவழியாக வெளியே இழுத்துப் போட்டேன்.

ஹாலில் ரூட்டரிலேயே செருகினால் இணைய வேகம் 500 மெகாபிட் முழுசாக வருகிறது. மாடிச் சுவரில் உள்ள இணையப் பாயிண்டில் 94-க்கு மேல் ஏறவே இல்லை. அப்படியென்றால் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. நூறுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஆயிரத்துக்கு நான்கு ஜோடியும் உயிரோடு இருக்க வேண்டும். கம்பிகளைச் சோதிக்கும் டெஸ்டரில் 1, 2, 3, 6-ஆம் கம்பிகளின் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. 4 மட்டும் மினுக்கியது. நீலக் கம்பி.

கேபிள் முனையை வெட்டி, புது பிளக்கை நசுக்கிப் பொருத்தி மறுபடி மறுபடி கிரிம்ப் செய்தேன், ஏழு தடவை. ஒவ்வொரு முறையும் டெஸ்டரில் நன்றாக இருக்கும், சுவர்ப் பெட்டிக்குள் மடித்துத் திணித்ததும் போய்விடும். வெறுத்துப்போய் வெட்டிய துண்டைக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய கம்பி! நாலு தடவை வளைத்தால் முறிகிறது. 305 மீட்டர் பெட்டி அவ்வளவு இலேசாக இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 'கேட் 6' என்ற நெட்வொர்க் கேபிள் தரத்தைப் பெரிதாக அச்சடித்துத்தான் விற்றார்கள். கோபம் இன்னும் தணியவில்லை.

நல்ல வேளை, சுவர் கொத்தும்போதே நெட்வொர்க்குக்குத் தனி பைப் கேட்டிருந்தேன். "எதுக்கு தம்பி ரெண்டு பைப்பு?" என்று வயர்மேன் அண்ணன் அலுத்துக்கொண்டாலும் போட்டுக் கொடுத்தார். பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி இழுத்தேன். முதல் முடிச்சு பருத்துப்போய் படிக்கட்டு வளைவில் சிக்கியது. அப்புறம் நான்கு ஜோடியையும் ஒரு அங்குலம் முன்பின்னாக வெட்டி, ஒவ்வொன்றாக முறுக்கி, டேப்பை ஒரே சுற்று ஒட்டி, முகப்பவுடர் தடவினேன். மேலே தங்கச்சி தள்ள, கீழே நான் இழுக்க, வழுக்கிக்கொண்டு வந்தது. இப்போது மாடியிலும் 500!

புதுக் கேபிள், அக்கா வீட்டுக்குப் போனபோது கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கியது. கடையிலேயே முனையைச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். சுவர் முனையில் இனி பிளக் கிடையாது, சுவர்ப் பெட்டியின் ஜாக்கில் கம்பிகளை நேராக அடித்து இறக்குவதுதான்.

இன்னும் நான்கு பாயிண்ட் மாற்ற வேண்டும். அதற்குள் மனம் விளக்குக்குப் போய்விட்டது. சாமி மேடைக்கு 3000 கெல்வின் மஞ்சள், அம்மா மீன் ஆயும் இடத்துக்கு 6500 வெள்ளை. வாட்டர் ஹீட்டருக்கு, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஏற்கெனவே மாட்டியாயிற்று. சாயங்கால இடியில் வாடகை வீட்டு மோடம் கருகியதை மறக்கவில்லை, அதனால் வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியில் (டிபி) திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைக்க வயர்மேன் அண்ணன் சனிக்கிழமை வருகிறார்.