ஒன்பதாவது முட்டை

பிப்ரவரி 13

ஆண் கூஸ் வாத்தை வேலியோரத்தில் புதைத்தோம். தாழ்ப்பாளை நான் போட்டேனா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி 14

பெட்டை இன்று காலையும் முட்டையிட்டிருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற தன் கணக்கை அது மாற்றவே இல்லை. வைக்கோலை இழுத்து மூடி வைத்திருந்த முட்டையைக் கையில் எடுத்தபோது சூடு ஆறியிருக்கவில்லை. பென்சிலால் 7 என்று எழுதி, மற்ற ஆறோடு குளிர்ந்த மூலையில் வைத்தேன். முட்டைகளைத் தினமும் பக்கம் மாற்றி வைப்பது சின்னவளின் வேலை. இன்று அவள் அந்தப் பக்கமே வரவில்லை, நானே மாற்றினேன்.

பிப்ரவரி 16

எட்டாவது முட்டை வந்திருக்கிறது. இதில் கரு இருக்குமா என்ற ஒரே கேள்வியோடு இந்த நாள் கழிந்தது. இணைசேர்ந்த பிறகு ஆணின் விந்து பெட்டையின் கருக்குழாய் மடிப்புகளில் பல நாள் உயிரோடு தங்கியிருக்கும். ஓடு கட்டுவதற்கு முன்பே, அதாவது முட்டை வெளியே வருவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே, கரு கூடிவிடும். ஆண் போய் நான்கு நாளாகிறது. கூஸில் இந்தத் தவணை ஒரு வாரம் வரையில் நீளும் என்றாலும், நாள் ஏற ஏற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மறுபக்கம், முதல் முட்டைக்கு இன்றோடு இரண்டு வாரம் ஆகிறது. எடுத்து வைத்த முட்டை ஒரு வாரம், பத்து நாளைத் தாண்டினால் பொரிக்கும் சக்தி இறங்கத் தொடங்கும். முன்னால் இட்டவை காத்திருந்தே கெடுகின்றன, பின்னால் இட்டவை தகப்பன் போன பிறகு வருகின்றன. நடுவில் இருக்கும் நான்கைந்தைத்தான் நம்ப வேண்டும் என்று புத்தி சொல்கிறது. மனம் இனி வரப்போகும் முட்டையிலேயே போய் நிற்கிறது.

பிப்ரவரி 17

பெட்டை வேலியோரம் நின்று கத்துகிறது. ஒவ்வொரு முறை கத்திய பிறகும் பதிலுக்காகச் சற்று நிறுத்துகிறது.

பிப்ரவரி 19

நேற்று ஒன்பதாவது முட்டை வந்தது. எடை 164 கிராம். மாலையில் பெட்டை தன் மார்பின் மெல்லிய தூவியைப் பிடுங்கிக் கூட்டில் மெத்தை போடுவதைப் பார்த்ததும், இருட்டிய பின் ஒன்பது முட்டைகளையும் கூட்டில் சேர்த்தேன். இன்று காலை அது எழவில்லை. கையை நீட்டினால் கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறுகிறது. அடை உட்கார்ந்துவிட்டது. முப்பது நாள் கணக்கில் மார்ச் 21 வருகிறது.

போன வருடம் அடைக்காலம் முழுவதும் கூட்டின் வாசலில் ஆண் நின்றது. நான் தண்ணீர் வைக்கப் போனாலும் இறக்கையை விரித்து ஓடி வரும். இந்த வருடம் வாசல் வெறுமையாக இருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேல் கம்பியையும் முறுக்கிக் கட்டுகிறேன்.

பிப்ரவரி 20

சின்னவள் இன்றும் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி 28

பெட்டை இரை எடுக்க எழுந்த நேரத்தில் ஒவ்வொரு முட்டையையும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றிலும் இரண்டிலும் மெல்லிய இரத்த வளையம் தெரிந்தது. கரு கூடி, சில நாளிலேயே நின்றுபோயிருக்கிறது. மூன்று முதல் ஏழு வரை நரம்புகள் வேர் போலப் பரவியிருந்தன. எட்டு விளக்கு போலத் தெளிவாக ஒளிர்ந்தது, கூமுட்டை. ஒன்பதில் ஒரு பக்கம் நிழல் போல ஏதோ இருந்தது. மஞ்சள் கருவின் நிழலா, வேறு ஏதாவதா என்று முடிவு செய்வதற்குள் பெட்டை திரும்பி வந்துவிட்டது. இந்த மூன்று முட்டைகளையும் எடுத்துவிட்டு மற்ற ஆறு முட்டைகளையும் வைத்தேன். சந்தேகத்தின் பலனை ஒன்பதுக்குக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 3

ஒன்பதில் உயிர் இருக்கிறது. நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள் போல விரியும் நரம்புகளும் தெளிவாகத் தெரிகின்றன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி ஒரு முறை அசைந்தது. சின்னவளைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள், டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு முறை பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கொடுத்தாள்.

மார்ச் 8

இன்குபேட்டர் வாங்கியிருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். 37.5 டிகிரி சூட்டை இயந்திரம் தவறாமல் தரும் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பெட்டை செய்வதை நாள்தோறும் பார்க்கிறவனுக்கு அதைவிட்டு முட்டைகளைப் பிரிக்க மனம் வராது. தினமும் ஒரு முறை எழுகிறது. எழுவதற்கு முன் அலகால் தூவியை இழுத்து முட்டைகளை முழுவதும் மூடுகிறது. அவசரமாகப் புல் மேய்ந்து, தொட்டியில் மார்பு நனைய ஒரு முழுக்குப் போட்டு, கால் மணி நேரத்தில் ஈர இறகோடு வந்து உட்காருகிறது. முட்டைகள் சிறிது ஆறுவதும் அந்த ஈரம் ஓட்டில் படுவதும் கூஸ் முட்டைக்குத் தேவை. இன்குபேட்டரில் வைப்பவர்கள் தினமும் மூடியைத் திறந்து ஆறவிட்டு, தண்ணீர் தெளித்து, இதையேதான் செய்து பார்க்கிறார்கள். உட்கார்ந்த பிறகு அலகின் கீழ்ப்புறத்தால் ஒவ்வொரு முட்டையையும் தன் பக்கம் உருட்டிக்கொள்ளும்போது ஓடுகள் உரசும் சத்தம் மெல்லக் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே கூட்டின் அருகில் உட்கார்ந்திருக்கிறேன்.

மெலிந்துவிட்டது. மார்பெலும்பு தெரிகிறது.

மார்ச் 12

நான்காவது முட்டையில் நாற்றம் வந்தது. வெடித்தால் மற்றவையும் கெடும் என்பதால் துணியில் சுற்றி எடுத்துத் தூரத்தில் புதைத்தேன். ஐந்து மிஞ்சியிருக்கின்றன.

மார்ச் 16

ஒன்பதை நிறுத்துப் பார்த்தேன், 145 கிராம். அடைக்காலம் முடிவதற்குள் முட்டை தன் எடையில் 12 முதல் 15 சதவீதம் வரை ஆவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்றறை போதுமான அளவு பெரிதாகி, குஞ்சின் முதல் மூச்சுக்கு இடம் கிடைக்கும். கணக்கு சரியாகத்தான் போகிறது. இரவில் இரண்டு முறை எழுந்து தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

மார்ச் 20

ஐந்தாவது முட்டையின் ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. மூன்றுக்குள்ளிருந்தும் ஏழுக்குள்ளிருந்தும் சத்தம் வருகிறது. பெட்டை தலையைத் தாழ்த்தி, இதுவரை நான் கேட்டிராத தணிந்த குரலில் முட்டைகளோடு பேசுகிறது. ஒன்பது மௌனமாக இருக்கிறது.

மார்ச் 21

ஐந்து, மூன்று, ஏழு, ஆறு என்ற வரிசையில் நான்கு குஞ்சுகள் வந்துவிட்டன. ஈரம் காய்ந்து மஞ்சள் பஞ்சாகத் தாயின் இறக்கைக்குள்ளிருந்து தலை நீட்டுகின்றன. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இருப்பதால் இரண்டு நாள் வரை அவற்றுக்கு இரை தேவையில்லை. ஆனால் அவை நடமாடத் தொடங்கிவிட்டால் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிடும். ஒன்பது கூட்டில் தனியே குளிர்ந்துவிடும். குஞ்சுகளை வீட்டுக்குள் ஒரு பெட்டியில் வைத்துவிட்டால் தாய் எழாது என்று ஒரு யோசனை வந்தது. கூஸ் குஞ்சு பிறந்த சில மணி நேரத்தில் எதைப் பின்தொடர்கிறதோ அதையே தாயாக எடுத்துக்கொள்ளும். விலங்கு நடத்தை அறிஞர் கான்ராட் லோரன்ஸ் சாம்பல் வாத்துகளில் இதை ஆராய்ந்து காட்டினார். 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் காலைச் சுற்றி வரும் குஞ்சுகள் எனக்கு வேண்டாம்; இந்தப் பெட்டைக்கு அவை வேண்டும். பெட்டியைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 22, காலை

“தாழ்ப்பாளைப் போட்டுட்டேன்பா, கம்பியும் கட்டிட்டேன்” என்றாள் சின்னவள்.

மார்ச் 22, இரவு

ஒன்பதில் அரிசி அளவுக்கு ஒரு துளை விழுந்திருக்கிறது. துளைக்குள் அலகின் முனையில் உள்ள வெள்ளைப் பல் தெரிகிறது. ஓட்டை உடைத்து உதவக் கூடாது. சவ்வில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கரு முழுவதும் உள்ளே போயிருக்காது, அவசரப்பட்டால் குஞ்சு செத்துவிடும். துளையிட்ட பிறகும் ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். மூன்று குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் ஏறிவிட்டன. தாய் ஒரு முறை எழுந்து நின்றது, பின் உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 23, விடியற்காலை 3.10

துளை பெரிதாகவில்லை. அதன் ஓரத்துச் சவ்வு இன்னும் ஈரமாகவே இருக்கிறது. சின்னவள் விசிலடித்தாள்; உள்ளேயிருந்து பதில் வந்தது. தாய் மறுபடியும் எழுந்து நிற்கிறது.