42 நிமிஷம்
அக்கா மகனுக்கு அப்போ எட்டு மாசம். இதயத்துல ஓட்டை, நுரையீரலுக்குப் போற பாதையும் குறுகல், அழுதான்னா உதடு நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிரும். கோலாலம்பூர்ல ஆப்பரேஷன் முடிஞ்ச மறுநாள் விடியக்காலையில ஐசியுல இதயம் நின்னுபோச்சு. 42 நிமிஷம் நெஞ்சை அமுக்குனாங்க. பிள்ளைங்களுக்கு நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை அமுக்கணுமாம், அப்போ 4,000 தடவைக்கு மேல, அதுவும் ரெண்டு கட்டைவிரலால, ஆள் மாத்தி ஆள். அமுக்கிட்டு இருக்கறப்பவே எக்மோவ மாட்டிட்டாங்க, அதான் ரத்தத்தை வெளிய எடுத்து ஆக்சிஜன் ஏத்தி உள்ள அனுப்பற மிஷின்.

உள்ள விட்டப்போ எனக்கு முதல்ல கண்ணுல பட்டது ட்யூப்தான். ஒன்னுல ரத்தம் கருஞ்சிவப்பா வெளிய வருது, மிஷினுக்குள்ள ஆக்சிஜன் ஏறி இன்னொன்னுல பளிச்சுனு உள்ள போகுது. நெஞ்சைத் தைக்கல, மேல மெல்லிசா ஒரு தாள் மட்டும் ஒட்டிருந்தாங்க, அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

வெளிய சொந்தக்காரர் ஒருத்தர், "மிஷின்ல போட்டாலே கதை முடிஞ்சிச்சு லா, சும்மா இழுக்கறாங்க"ன்றார். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அந்த மிஷின் நோயைக் குணமாக்காது, சரிதான், ஆனா இதயம் நுரையீரல் ரெண்டோட வேலையையும் அது பார்க்கறதால களைச்சுப்போன இதயம் கொஞ்சம் ஓய்வெடுக்கும், அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம் தேடிப் படிச்சேன். 2013ல ஒரு அமெரிக்க ஆய்வு, ஆஸ்பத்திரிக்குள்ளயே இதயம் நின்ன 3,419 பிள்ளைங்க. 15 நிமிஷம் வரைக்கும் அமுக்குன பிள்ளைங்கள்ல 41 சதவீதம் பேர் பொழைச்சு வீட்டுக்குப் போயிருக்காங்க, 35 நிமிஷம் தாண்டினா 12தான். ஆனா இதய ஆப்பரேஷன் பண்ண பிள்ளைங்க மத்தவங்கள விடத் தேவலாம். இப்படி அமுக்கிக்கிட்டே எக்மோ மாட்டுன பிள்ளைங்கள்ல நூத்துக்கு சுமார் நாப்பது பேர் வீடு திரும்பறாங்களாம். அத அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா அந்த நாற்காலியில கொஞ்சமாவது கண்ண மூடியிருப்போம்.

அஞ்சாம் நாள் மிஷினை எடுத்தாங்க. பாட்டி பத்துமலை முருகனுக்குப் பால்குடம் வேண்டியிருந்தாங்க, அதையும் செலுத்தியாச்சு. ஆனா ட்யூப்ல ரத்தம் உறையக்கூடாதுன்னு ஹெப்பரின் ஓடும், கூடினா ரத்தக்கசிவு, குறைஞ்சா ரத்தம் கட்டிக்கும், எப்படியும் மூளைக்கு ஆபத்து இருக்கு. இவனுக்கும் சின்னதா ஒரு ஸ்ட்ரோக், இடது கை பலமில்ல, பிசியோவுக்கு வாரம் வாரம் அலைஞ்சோம்.

இந்த வருஷம் தமிழ்ப்பள்ளியில ஒன்னாம் ஆண்டு. காலையில சட்டை பட்டன் போடவே பத்து நிமிஷம், வேன் வெளிய ஹார்ன் அடிக்குது, சித்தி போட்டு விடவான்னு கேட்டா என் கையைத் தட்டி விடுறான்.